மைல் கணக்கில் பிரீமியம்: பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கான 'லிமிடெட் மைலேஜ்' இன்ஷூரன்ஸ்... வரம்பு தாண்டினால் என்ன ஆகும்?

ஆண்டில் பாதி நாள் கவர் போட்டு கராஜில் நிற்கும் கார் அது. நல்லா வெயில் அடிக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான் வெளியே வரும். அந்தக் காருக்கும், தினமும் ஆபீசுக்கு ஓடும் காருக்குக் கட்டுற அதே இன்ஷூரன்ஸ் பிரீமியத்தைக் கட்டணுமா?

பிரிட்டனில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களின் இந்தக் கேள்விக்கு இன்ஷூரன்ஸ் நிறுவனங்கள் தரும் பதில்தான் 'லிமிடெட் மைலேஜ்' பாலிசி. ஆண்டுக்கு இத்தனை மைலுக்கு மேல் ஓட்ட மாட்டேன் என்று உரிமையாளர் சொன்னால், பிரீமியம் குறையும்.

கேட்க சிம்பிளா இருக்கு. ஆனா அந்த ஒரு எண்ணைத் தப்பாகச் சொன்னால், விபத்துக்குப் பிறகு ஆயிரக்கணக்கான பவுண்ட் கையை விட்டுப் போகலாம். எப்படி? இந்தியாவில் இதுபோன்ற வசதி இருக்கா? விரிவாகப் பார்க்கலாம்.

மைலேஜ் என்றால் இங்கே என்ன அர்த்தம்?

நம்ம ஊரில் 'மைலேஜ் எவ்வளவு தருது?' என்று கேட்டால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு எத்தனை கிலோமீட்டர் என்று அர்த்தம். இங்கே அது இல்லை. கார் ஒரு ஆண்டில் மொத்தம் எத்தனை மைல் ஓடுகிறது என்பதுதான் இங்கே மைலேஜ்.

பாலிசி எடுக்கும்போதே 1,500 மைல், 3,000 மைல், 5,000 மைல் என்பது போன்ற வரம்புகளில் ஒன்றைத் தேர்வு செய்யணும். ஒரு மைல் என்பது சுமார் 1.6 கிலோமீட்டர். அதாவது 3,000 மைல் என்றால் ஏறக்குறைய 4,800 கிலோமீட்டர். மாதத்துக்கு 400 கிலோமீட்டர்தான்.

எந்தக் கார்களுக்கு இது?

1960கள், 70களில் வந்த இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார்கள்தான் பிரிட்டனில் இந்த பாலிசிக்கு நல்ல உதாரணம். 1961ல் ஜெனீவா மோட்டார் ஷோவில் அறிமுகமான ஜாகுவார் இ-டைப், 1962 முதல் 1980 வரை தயாரான எம்.ஜி.பி., அதே 1962ல் தொடங்கி 1980ல் முடிந்த ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்று ஒரு பட்டியலே இருக்கு.

இதில் ஸ்பிட்ஃபயருக்கும் சென்னைக்கும் ஒரு சொந்தம் உண்டு. ட்ரையம்ஃப் ஹெரால்டு என்ற காரின் சேசிஸைச் சுருக்கித்தான் ஸ்பிட்ஃபயரை உருவாக்கினார்கள். இரண்டையும் வடிவமைத்தவர் இத்தாலியைச் சேர்ந்த ஜியோவானி மிக்கெலோட்டி. அந்த ஹெரால்டைத்தான் சென்னையை அடுத்த வண்டலூரில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை, 1961 முதல் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்ற பெயரில் தயாரித்தது. பழைய தமிழ்ப் படங்களில் வரும் அந்தக் குட்டிக் கார், ஸ்பிட்ஃபயரின் அண்ணன் முறை.

மைல் பாதியானால் பிரீமியமும் பாதியாகுமா?

ஆகாது. பலரும் ஏமாறும் இடம் இதுதான்.

கார் ரோட்டில் ஓடும் நேரம் குறைந்தால் மோதும் வாய்ப்பு குறையும். அது சரி. ஆனா கார் திருடு போவதற்கும், கராஜில் தீப்பிடிப்பதற்கும் ஒரு மைல்கூட ஓட வேண்டியதில்லை. சும்மா நிற்கும் காருக்கும் அந்த ரிஸ்க் அப்படியே இருக்கும். பாலிசியை நடத்தும் அலுவலகச் செலவும் மைலைப் பார்த்துக் குறையாது. பிரீமியத்தின் மேல் போடப்படும் 12 சதவீத இன்ஷூரன்ஸ் வரியும் உண்டு.

அதனால் 5,000 மைலில் இருந்து 3,000 மைலுக்கு இறங்கும்போது மிச்சமாகும் தொகை, பல நேரங்களில் எதிர்பார்த்ததை விடச் சின்னதாகவே இருக்கும். இரண்டு வரம்புக்கும் விலை கேட்டு, வித்தியாசம் எவ்வளவு என்று பார்த்த பிறகு முடிவெடுப்பது நல்லது.

பிரீமியம் குறைய மைல் மட்டுமே காரணமும் இல்லை. இரவில் பூட்டிய கராஜில் நிற்கிறதா, தினசரி ஓட்டத்துக்கு வேறு கார் இருக்கா, ஓட்டுபவரின் வயது என்ன, கார் கிளப்பில் உறுப்பினரா என்பதையும் நிறுவனங்கள் பார்க்கும். மற்ற எல்லாம் சரியாக இருக்கும்போது, மைல் வரம்பு கூடுதலாக ஒரு குறைப்பு தரும். அவ்வளவுதான்.

மைலை யார் எண்ணுவது?

பெரும்பாலும் யாரும் தினமும் எண்ணுவதில்லை. பாலிசி தொடங்கும்போது ஓடோமீட்டர் எண்ணைக் கேட்பார்கள். சில நிறுவனங்கள் போட்டோவும் கேட்கும். ரென்யூவலின்போது மறுபடியும் கேட்கலாம். க்ளெய்ம் வந்தால்தான் உண்மையான கணக்கெடுப்பு நடக்கும். சேதத்தைப் பார்க்க வரும் மதிப்பீட்டாளர் முதலில் குறித்துக்கொள்ளும் விஷயங்களில் ஓடோமீட்டர் எண்ணும் ஒன்று.

பிரிட்டனில் இன்னொரு சாட்சியும் உண்டு. அங்கே 3 ஆண்டு தாண்டிய கார்களுக்கு ஆண்டுதோறும் எம்.ஓ.டி. எனும் தகுதிச் சோதனை நடக்கும். அப்போது ஓடோமீட்டர் எண் பதிவாகும். வண்டி எண்ணைப் போட்டால் அந்தப் பழைய பதிவுகளை யார் வேண்டுமானாலும் அரசு இணையதளத்தில் பார்க்கலாம்.

ஆனா பழைய கார்களில் ஒரு சிக்கல். 2018 மே 20 முதல், 40 ஆண்டு தாண்டிய, பெரிய மாற்றங்கள் செய்யப்படாத கார்களுக்கு எம்.ஓ.டி. கட்டாயம் இல்லை. 1980ல் வந்த கடைசி ஸ்பிட்ஃபயர் வரை எல்லாமே இந்த வயதைத் தாண்டிவிட்டன. சோதனைக்குப் போகாவிட்டால், அந்தக் கார் எத்தனை மைல் ஓடியது என்பதற்கு ஆண்டுதோறும் கிடைக்கும் அரசுப் பதிவும் இருக்காது.

இது உரிமையாளருக்கு வசதி போலத் தெரியும். உண்மையில் பாதகம். க்ளெய்ம் நேரத்தில் 'நான் வரம்புக்குள்தான் ஓட்டினேன்' என்று நிரூபிக்க வேண்டிய நிலை வந்தால், கையில் ஒரு தாளும் இருக்காது. கட்டாயம் இல்லாவிட்டாலும் விருப்பப்பட்டு எம்.ஓ.டி. செய்துகொள்ளலாம். பிரேக், டயர் நிலையும் தெரியும், மைல் கணக்குக்கு ஆதாரமும் கிடைக்கும்.

ஓடோமீட்டரே பழுதானால்?

பழைய கார்களில் ஸ்பீடோமீட்டர், ஓடோமீட்டர் இரண்டும் ஒரே கேபிளில் ஓடும். கேபிள் அறுந்தால் இரண்டும் நின்றுவிடும். கார் ஓடும், எண் நகராது. பல கார்களில் ஓடோமீட்டருக்கு 5 இலக்கம்தான். 99,999க்குப் பிறகு மறுபடியும் பூஜ்யத்தில் இருந்து தொடங்கும். கருவியையே மாற்றினால் எண் வேறாகிவிடும்.

இதெல்லாம் பழைய காரில் சகஜம். தப்பும் இல்லை. ஆனா எந்தத் தேதியில், எந்த எண்ணில் கருவியைக் கழற்றினார்கள், புதுக் கருவியில் என்ன எண் இருந்தது என்று மெக்கானிக் பில்லில் எழுதி வாங்கணும். இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் ஒரு மெயில் போட்டுவிடணும்.

வரம்பு தாண்டினால் சட்டம் என்ன சொல்லுது?

இதில் இரண்டு விதமான நிலைமை இருக்கு.

முதலாவது, பாலிசி எடுக்கும்போதே தப்பான எண்ணைச் சொல்வது. இதற்கு பிரிட்டனில் 2012ல் ஒரு நுகர்வோர் இன்ஷூரன்ஸ் சட்டம் வந்து, 2013 ஏப்ரல் முதல் அமலில் இருக்கு. கேட்ட கேள்விக்குத் தவறான தகவல் தராமல் இருக்க நியாயமான அக்கறை காட்டணும் என்பதே வாடிக்கையாளருக்கு அது வைக்கும் கடமை.

வேண்டுமென்றே பொய் சொன்னது நிரூபணமானால், நிறுவனம் பாலிசியையே ரத்து செய்து, எந்த க்ளெய்மையும் மறுக்கலாம். கட்டிய பிரீமியத்தையும் பெரும்பாலும் திருப்பித் தர வேண்டியதில்லை.

கவனக்குறைவால் தப்பாகச் சொன்னது என்றால் வேறு கணக்கு. சரியான தகவல் தந்திருந்தால் எவ்வளவு பிரீமியம் கேட்டிருப்பார்களோ, அதில் எத்தனை சதவீதம் உண்மையில் கட்டினாரோ, க்ளெய்மிலும் அதே சதவீதத்துக்குக் குறைக்கலாம்.

ஒரு உதாரணக் கணக்கு பார்க்கலாம். ஒருவர் 3,000 மைல் என்று சொல்லி 180 பவுண்ட் பிரீமியம் கட்டுகிறார். அவர் ஆண்டுதோறும் ஓட்டுவது 6,000 மைல். அதற்கு உண்மையில் 240 பவுண்ட் கேட்டிருப்பார்கள். அவர் கட்டியது அதில் 75 சதவீதம். விபத்தில் 8,000 பவுண்டுக்குச் சேதம் என்றால், கைக்கு வருவது 6,000 பவுண்ட்தான்.

60 பவுண்ட் மிச்சம் பிடித்தார். 2,000 பவுண்ட் போச்சு.

இரண்டாவது நிலைமை, சொன்னபோது உண்மையாகவே 3,000 மைல்தான். ஆனா நடுவில் நீண்ட தூரப் பயணம் வந்தது, வேலை மாறியது, தினசரி கார் பழுதாகி இந்தக் காரையே ஓட்ட வேண்டி வந்தது. இங்கே பாலிசியில் எழுதியிருக்கும் நிபந்தனைதான் பேசும். பல பாலிசிகள் 'மாற்றம் வந்தால் உடனே தெரிவிக்கணும்' என்று சொல்லும். சில பாலிசிகளில், வரம்பைத் தாண்டிய பிறகு விபத்து நடந்தால் உரிமையாளர் தன் கையில் இருந்து போட வேண்டிய தொகை கூடும்.

தீர்வு ரொம்ப எளிது. வரம்பை நெருங்கும்போதே போன் பண்ணி, அடுத்த வரம்புக்கு மாற்றச் சொல்லலாம். மீதி மாதங்களுக்கான வித்தியாசத்தைக் கட்டினால் போதும். இந்த போனை விபத்துக்கு முன்னாடி பண்ணணும். பின்னாடி பண்ணிப் பயனில்லை.

மூன்றாவது நபருக்குக் காயமோ சேதமோ ஏற்பட்டால் என்ன? சட்டப்படி அவருக்கான இழப்பீடு பெரும்பாலும் கிடைத்துவிடும். ஆனா பாலிசி மீறல் இருந்தால், அந்தப் பணத்தை நிறுவனம் கார் உரிமையாளரிடம் திருப்பிக் கேட்க இடம் உண்டு.

மைலை விடப் பெரிய எண்: 'அக்ரீடு வேல்யூ'

சாதாரண கார் பாலிசியில் கார் முழுசா நொறுங்கினாலோ திருடு போனாலோ, அன்றைய சந்தை விலைதான் கிடைக்கும். புதுக் காருக்கு இது சரி. விலை எல்லாருக்கும் தெரியும்.

பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு அப்படி ஒரே விலை கிடையாது. துருப்பிடித்து நிற்கும் எம்.ஜி.பி.யும், ஆண்டுக்கணக்கில் பணம் போட்டுப் புதுப்பித்த எம்.ஜி.பி.யும் ஒரே மாடல்தான். விலையில் பல மடங்கு வித்தியாசம். விபத்துக்குப் பிறகு காரே நொறுங்கிக் கிடக்கும்போது, 'இது நல்ல நிலையில் இருந்த கார்' என்று நிரூபிப்பது ரொம்ப கஷ்டம்.

அதனால்தான் பாலிசி தொடங்கும்போதே ஒரு விலையை இரண்டு தரப்பும் ஒப்புக்கொள்வார்கள். இதுதான் அக்ரீடு வேல்யூ. போட்டோக்கள், புதுப்பித்த பில்கள், கார் கிளப் தரும் மதிப்பீட்டுச் சான்று ஆகியவை இதற்கு ஆதாரம்.

ஒப்புக்கொண்ட விலை 15,000 பவுண்ட் என்றால், டோட்டல் லாஸ் ஆகும்போது அதுதான் அடிப்படை. அக்ரீடு வேல்யூ இல்லாமல் இருந்து, மதிப்பீட்டாளர் 9,500 என்று சொன்னால், மீதி 5,500 பவுண்டுக்கு வாதாட வேண்டியது உரிமையாளர்தான். 60 பவுண்ட் பிரீமியம் குறைப்பைத் தேடும் நேரத்தில் பலரும் கவனிக்காமல் விடும் வரி இது.

இந்த விலைக்கும் ஆயுள் உண்டு. பழைய கார்களின் விலை ஏறி இறங்கும். ஐந்து ஆண்டுக்கு முன் ஒப்புக்கொண்ட தொகையே பாலிசியில் கிடந்தால், இன்றைக்கு அது போதாமல் போகலாம். ரென்யூவலுக்கு முன் ஒருமுறை சரிபார்க்கணும்.

குளிர்காலத்தில் நிற்கும் காருக்கு இன்ஷூரன்ஸ் வேணுமா?

பிரிட்டனில் குளிர்காலத்தில் ரோட்டில் பனி உறையாமல் இருக்க உப்பு தூவுவார்கள். உப்பு பட்டால் பழைய காரின் அடிப்பகுதி துருப்பிடிக்கும். அதனால் பலர் அந்த மாதங்களில் காரை வெளியே எடுப்பதே இல்லை. மைல் குறைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதற்காக இன்ஷூரன்ஸை நிறுத்திவிடலாமா? 2011 முதல் அங்கே விதி மாறிவிட்டது. பதிவில் இருக்கும் கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இன்ஷூரன்ஸ் இருக்கணும். வேண்டாம் என்றால், கார் ரோட்டுக்கு வராது என்று 'சோர்ன்' எனும் அறிவிப்பை அரசிடம் பதிவு செய்யணும். அதற்குப் பிறகு காரைப் பொது ரோட்டில் நிறுத்தவே கூடாது.

சோர்ன் கொடுத்துவிட்டு இன்ஷூரன்ஸை முழுசா எடுத்துவிட்டால் இன்னொரு ஆபத்து. கராஜில் தீப்பிடித்தால், திருடு போனால் ஒன்றும் கிடைக்காது. இதற்காகவே நிற்கும் காருக்கு தீ, திருட்டு மட்டும் கவர் செய்யும் தனி பாலிசிகள் இருக்கு.

எதெல்லாம் கவர் ஆகாமல் போகலாம்?

பாலிசிக்குப் பாலிசி மாறும் என்றாலும், இந்த 4 இடங்களைக் கட்டாயம் படிக்கணும்:

- தினமும் வேலைக்குப் போய் வருவது. பொழுதுபோக்குக்கு மட்டும் என்று எடுத்த பாலிசியில், மைல் வரம்புக்குள் இருந்தாலும் இது சேராது.
- கல்யாண ஊர்வலத்துக்கு, ஷூட்டிங்குக்கு வாடகைக்கு விடுவது.
- ரேஸ் டிராக்கில் ஓட்டுவது. ஸ்போர்ட்ஸ் கார் என்பதால் பலருக்கும் ஆசை வரும் இடம் இது.
- எஞ்சின், பிரேக் போன்றவற்றை மாற்றி, அதைச் சொல்லாமல் விடுவது.

இன்னொன்று, நொறுங்கிய கார் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி. டோட்டல் லாஸ் பணம் கொடுத்த பிறகு, உடைந்த காரை நிறுவனம் எடுத்துக்கொள்ளும். பழைய கார் பாலிசிகள் சிலவற்றில் அதை உரிமையாளரே வைத்துக்கொள்ளும் உரிமை இருக்கும். அந்த எஞ்சினும் சேசிஸ் எண்ணும் மறுபடி கிடைக்காது என்பதால், இது சின்ன விஷயம் இல்லை.

இந்தியாவில் இப்படி இருக்கா?

இருக்கு. ஆனா வேறு வடிவத்தில். 2022 ஜூலையில் இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ., 'பே ஆஸ் யூ டிரைவ்' எனும் கூடுதல் வசதிக்கு அனுமதி தந்தது. ஓட்டும் கிலோமீட்டருக்கு ஏற்ற பிரீமியம் என்பதே இதன் அர்த்தம்.

கவனிக்க வேண்டியது, இந்தக் குறைப்பு சொந்தக் காருக்கான சேத கவரில் மட்டும்தான். கட்டாயமான தேர்ட் பார்ட்டி பிரீமியம் கிலோமீட்டரைப் பார்க்காது. எஞ்சின் அளவைத்தான் பார்க்கும். 2022 ஜூன் 1 முதல் அமலான விகிதப்படி 1,000 சிசி வரை 2,094 ரூபாய், 1,000 முதல் 1,500 சிசி வரை 3,416 ரூபாய், அதற்கு மேல் 7,897 ரூபாய். ஜி.எஸ்.டி. தனி. 'விண்டேஜ்' என்று பதிவான தனியார் கார்களுக்கு இதில் 50 சதவீதம் தள்ளுபடி உண்டு. 948 சிசி எஞ்சின் கொண்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு விண்டேஜ் பதிவில் இருந்தால், 1,047 ரூபாய்தான் வரும்.

ஆனா விண்டேஜ் பதிவுக்குக் கட்டுப்பாடு அதிகம். 2021 ஜூலையில் வந்த விதிப்படி, கார் 50 ஆண்டைத் தாண்டியிருக்கணும், பெரிய மாற்றம் இல்லாமல் அசல் வடிவில் இருக்கணும். முதல் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். 10 ஆண்டுக்குச் செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். கண்காட்சி, விண்டேஜ் ரேலி, தொழில்நுட்ப ஆய்வு, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது ஆகியவற்றுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். வழக்கமான ஓட்டத்துக்கு எடுக்கக் கூடாது. அப்படி எடுத்து விபத்து நடந்தால், க்ளெய்மில் கேள்வி எழ இடம் உண்டு.

அக்ரீடு வேல்யூ போல இங்கே இருப்பது ஐ.டி.வி. எனும் காப்பீட்டு மதிப்பு. 5 ஆண்டு வரையிலான கார்களுக்குத் தேய்மானக் கணக்குப்படி அது முடிவாகும். 5 ஆண்டைத் தாண்டிய, தயாரிப்பு நின்றுபோன மாடல்களுக்கு உரிமையாளரும் நிறுவனமும் பேசி முடிவு செய்யலாம். பழைய கார் வைத்திருப்பவர்கள் ஏஜென்ட் போடும் தொகையை அப்படியே ஏற்காமல், போட்டோ, பில்லுடன் பேச வேண்டிய இடம் இதுதான்.

கிலோமீட்டரைக் கணக்கிடச் சில நிறுவனங்கள் காரில் செருகும் கருவியைப் பயன்படுத்தும். பழைய காரில் அதைச் செருக சாக்கெட்டே இருக்காது. ஓடோமீட்டர் போட்டோவை ஏற்பார்களா என்று முதலிலேயே கேட்கணும். கிலோமீட்டர் தீர்ந்தால் டாப்-அப் செய்யலாமா, செய்யாவிட்டால் என்ன என்பதும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய 6 கேள்விகள்

1. அடுத்த வரம்புக்கு எவ்வளவு கூடும்?
2. நடுவில் வரம்பை உயர்த்தலாமா? அதற்குக் கட்டணம் உண்டா?
3. வரம்பு தாண்டிய பிறகு விபத்து நடந்தால் என்ன செய்வீங்க? பாலிசியில் எந்தப் பக்கத்தில் இருக்கு?
4. காரின் மதிப்பு எழுத்தில் ஒப்புக்கொள்ளப்பட்டதா, அல்லது அன்றைய சந்தை விலையா?
5. வேலைக்குப் போய் வருவது சேருமா?
6. டோட்டல் லாஸ் ஆனால் காரை நானே வைத்துக்கொள்ளலாமா?

பதில்களை போனில் கேட்டால் மட்டும் போதாது, மெயிலில் வாங்கணும். பிறகு தகராறு வந்தால், பிரிட்டனில் நிறுவனத்திடம் புகார் செய்து 8 வாரத்தில் தீர்வு வராவிட்டால், நிதி ஆம்புட்ஸ்மேனிடம் கட்டணம் இல்லாமல் முறையிடலாம். இந்தியாவில் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் இருக்கிறார். தமிழ்நாடு, புதுச்சேரிக்கான அலுவலகம் சென்னையில் இருக்கு. இரண்டு இடத்திலும் எழுத்தில் இருப்பதுதான் செல்லும்.

எந்த வரம்பு சரி என்று குழப்பமா? கடந்த 2 ஆண்டு சர்வீஸ் பில்களில் இருக்கும் ஓடோமீட்டர் எண்களைக் கழித்துப் பார்த்தால், உண்மையில் எவ்வளவு ஓடுகிறது என்று தெரிந்துவிடும். அதற்கு மேல் ஒரு நீண்ட பயணத்துக்கு இடம் விட்டு வரம்பைத் தேர்வு செய்யலாம். பாலிசி தொடங்கும் நாளில் தேதி தெரியும்படி ஓடோமீட்டரை ஒரு போட்டோ எடுத்து, நிறுவனத்துக்கு மெயிலில் அனுப்பிவிடலாம். செலவே இல்லாத ஆதாரம் அது.